உள்ளம் கொதிப்பது குற்றமா?

"கோபத்தில் சொல்லிவிட்டேன் ஹஸ்ரத், மனதில் ஒன்றுமில்லை." மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வருவோர் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல் இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நமது தோல் ஷாப் ஊர்களில் எந்தப் பள்ளிவாசல் இமாமைக் கேட்டாலும் இந்த வாசகத்தைத் தாம் கேட்டதாகவே சொல்வார். மனைவியைச் சொல்லக் கூடாததைச் சொன்னவரும், உடன்பிறந்தவனோடு பேச மாட்டேன் என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்தவரும், வேலையாளைக் கை நீட்டி அடித்த மேஸ்திரியும் இதையே சொல்கிறார்கள். கோபம் வந்தது; அது என்னைச் செய்ய வைத்தது; நான் என்ன செய்வேன்? அவர்களது வாதம் இவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான இன்னொரு கூட்டத்தாரும் நம்மிடையே உண்டு. மையத்து விழுந்த வீட்டில் கண்ணீர் விடும் தாயை அவர்கள் "அழக் கூடாது, ஸப்ரு இல்லாதவளா நீ?" என்று அதட்டுவார்கள். கடன் கவலையால் தூக்கமின்றித் தவிப்பவனிடம் "தவக்குல் இருந்தால் கவலை எப்படி வரும்?" என்பார்கள். இவர்கள் கணக்கில் நல்ல முஃமினுக்குக் கோபமும் வராது, துக்கமும் வராது, பயமும் வராது. வந்தால் ஈமான் குறைவு.

முதலாமவர் உணர்ச்சியின் பெயரால் செயலை மன்னிக்கச் சொல்கிறார். இரண்டாமவர் செயலே இல்லாத இடத்தில் உணர்ச்சியைக் குற்றமாக்குகிறார். எதிரெதிராகத் தோன்றினாலும் இருவரும் செய்வது ஒரே பிழை. உள்ளத்தில் எழுவதும் உறுப்புகளால் செய்வதும் ஒன்றே என்று இருவரும் எண்ணிவிட்டார்கள். மார்க்கம் அவ்விரண்டையும் ஒன்றென வைக்கவில்லை. உள்ளத்தில் தோன்றும் எண்ணங்களைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காதவரை அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

அப்படியானால் உபதேசம் கேட்டு வந்தவருக்கு, அவர் திரும்பத் திரும்பக் கேட்டும், கோபப்படாதே என்று மட்டுமே நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதன் பொருள் என்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தானாக எழுவதை எழாதே என்று எப்படித் தடுப்பது? சக்திக்கு மீறியதை இறைவன் எவர் மீதும் சுமத்துவதில்லையே! ஹிஜ்ரி 388-இல் மறைந்த இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். கோபம் மனித இயற்கை, அதையே தடுத்ததாகக் கொள்ள முடியாது. கோபத்தை மூட்டும் காரணங்களிலிருந்து விலகியிரு என்பதே அதன் கருத்து என்கிறார்கள். கோபம் எவ்வழியில் இழுக்கிறதோ அவ்வழியில் போகாதே என்பதும் அதன் பொருளில் அடங்கும் என்று அறிஞர்கள் எழுதுகிறார்கள். கோபமூட்டப்பட்டும் கோபம் வராதவனை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கழுதைக்கு ஒப்பிட்டதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். கஸ்ஸாலி இமாமின் பார்வையில் கோபம் என்பது வேட்டை நாய். பழக்கிய நாய் வேட்டைக்காரனின் சொல் கேட்கும். பழக்காதது அவனையே கடிக்கும். நாயே இல்லாதவனுக்கு வேட்டையும் இல்லை.

தலாக் விஷயத்தில்கூட நமது முன்னோர் இதை அளந்து பார்த்தே பேசினார்கள். கோபத்தில் உள்ளவனின் தலாக்கைப் பற்றித் தனி நூலே எழுதிய இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் கோபத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். என்ன சொல்கிறோம் என்ற அறிவு கெடாத கோபம் முதற்படி. அதில் சொன்னது சொன்னதுதான். அறிவே மறைந்து, சொன்னது இன்னதென்றே தெரியாத நிலை கடைசிப் படி. அதில் சொன்னது சொல்லாகாது. இடைப்பட்டதில்தான் கருத்து வேறுபாடு. பின்னாளில் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் இந்தப் பிரிவினையை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதற்படியில் நின்றவர்களே என்பதுதான் வேதனை. சொன்ன வார்த்தை, நின்ற இடம், யார் யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது! (நாட்டுச் சட்டம் வேறு. ஒரே மூச்சில் சொல்லப்படும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22-இல் செல்லாது என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கோபத்தில் சொன்னேன் என்பது அங்கும் எடுபடாது.)

இனி நபிமார்களின் வரலாற்றைத் திருமறையிலேயே பார்ப்போம். யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்த துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போகும் அளவு வருந்தினார்கள். அழகிய பொறுமை என்ற சொல்லும் அவர்கள் வாயிலிருந்துதான் வந்தது. அந்தப் பொறுமைக்கும் அந்தக் கண்ணீருக்கும் முரண்பாடு எதையும் குர்ஆன் காணவில்லை. தமது முறையீட்டை அல்லாஹ்விடமே வைப்பதாக அவர்கள் சொன்னதையே அது எடுத்துக் காட்டுகிறது. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அதற்கு இறைவன் புறத்திலிருந்து கண்டிப்பு வரவில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும் குடிக்க நீரும் உண்ணப் பழமும் வந்தன.

மூஸா (அலை) அவர்களின் வரலாறு இவ்விஷயத்தில் இன்னும் நெருக்கமானது. தூர் மலையிலிருந்து திரும்பியபோது சமூகம் காளைக் கன்றை வணங்கக் கண்டார்கள். கோபமும் துக்கமும் ஒருங்கே எழுந்தன. இறைவன் அருளிய பலகைகளைக் கீழே போட்டார்கள்; சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களின் தலையைப் பற்றி இழுத்தார்கள். அவரோ, என் தாயின் மகனே என்று அழைத்து நிலைமையை விளக்கினார். உடனே மூஸா (அலை) அவர்கள் தமக்காகவும் சகோதரருக்காகவும் பாவமன்னிப்புக் கோரினார்கள். பிறகு கோபம் தணிந்ததும் அப்பலகைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்கிறது ஸூரத்துல் அஃராஃப். அங்கே தணிந்தது என்பதற்கு வந்துள்ள அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் 'மௌனமானது' என்பதாகும். கோபம் ஒரு மனிதரைப் போல அவருக்குள் பேசிக்கொண்டே இருந்தது. பிறகு வாய் மூடியது. அதுவரை எதையும் எடுக்க முடியவில்லை. கோபம் பேசிக்கொண்டிருக்கும்போது கணக்குப் பார்க்க உட்காரும் பங்காளிகளும் சம்பந்திகளும் இந்த ஒரு சொல்லை நன்கு சிந்திக்க வேண்டும்.

மன்னித்துவிட்டால் மனதில் வலியே இருக்கக் கூடாது என்று எண்ணுவோர் வஹ்ஷீ (ரழி) அவர்களின் வரலாற்றைப் படிக்கட்டும். ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போரில் நாயகத்தின் சிறிய தந்தை ஹம்ஸா (ரழி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்றவர் அவர்தாம். அடிமையாயிருந்த அவருக்கு அக்கொலையின் கூலி விடுதலை. மக்கா வெற்றிக்குப் பின், தாயிஃப் தூதுக்குழுவோடு வந்து நாயகம் (ஸல்) அவர்கள் முன் நின்றார். நீர்தான் வஹ்ஷீயா, ஹம்ஸாவைக் கொன்றவர் நீர்தானா என்று கேட்டறிந்தார்கள். அவரது இஸ்லாத்தை ஏற்றார்கள், பழிவாங்கவில்லை, பழைய குற்றத்திற்குத் தண்டனையும் இல்லை. ஆனால், உம் முகத்தை என்னிடமிருந்து மறைத்துக்கொள்ள இயலுமா என்று வினவினார்கள். அவரும் அங்கிருந்து சென்றுவிட்டார். புகாரியில் உள்ள செய்தி இது.

இதை நாம் பலமுறை ஓதியும் ஓதிக் கொடுத்தும் இருக்கிறோம். அகிலத்தின் அருட்கொடையாக அனுப்பப்பட்டவர்களின் உள்ளத்திலும் அந்த முகத்தைக் கண்டால் அந்த வலி எழுந்தது. எழவில்லை என்று அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வலியால் வஹ்ஷீ (ரழி) அவர்களின் உரிமை எதுவும் குறையவும் விடவில்லை. அது அடிக்கடி கிளறப்படாமலிருக்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மன்னிப்பு ஒரு செயல். அதைச் செய்து முடித்துவிடலாம். வலி ஒரு செயலன்று. அது தன் காலத்தில்தான் ஆறும். பாகப்பிரிவினையில் ஏமாற்றிய அண்ணனை மன்னித்த தம்பியை, வாரந்தோறும் அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டாக வேண்டும் என்று வற்புறுத்தும் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்தால் நல்லது. ஸலாமும் முகம் முறியாத பேச்சும் உறவின் உரிமையும் இருந்தால் போதும். மற்றது மெல்ல வரும்.

கோபத்திற்கு முழு நியாயம் இருக்கும்போதுதான் சோதனை கடுமையாகிறது. 2015 ஜூன் 27 இரவை ஆம்பூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் போலீஸ் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னர் மருத்துவமனையில் இறந்தார். விசாரணையில் அடித்ததே காரணம் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். அச்செய்தியால் எழுந்த கோபத்தை நாம் குறை சொல்லவில்லை. அநியாயம் நடந்ததென்று கேட்டும் கொதிக்காத உள்ளம் உள்ளமா? ஆனால் அன்றிரவு நடந்தது என்ன? கல் பறந்தது. காவலர்கள் பலர் காயமடைந்தனர். பேருந்துகளும் வாகனங்களும் கடைகளும் சேதமாயின. அந்தக் கடைக்காரருக்கும் பேருந்தில் அமர்ந்திருந்த வெளியூர்ப் பயணிக்கும் அந்த மரணத்தோடு என்ன தொடர்பு? விடிந்தபோது, இளைஞர் எப்படி இறந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்த நாடு, ஆம்பூரில் கல்லெறிந்தவர் யார் என்று கேட்கத் தொடங்கிவிட்டது. ஏராளமானோர் கைதாயினர், பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தனர். ஒரு சமூகத்தாரின் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தில் ஸூரத்துல் மாயிதா எச்சரிக்கிறது. பகை இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டே பேசும் வசனம் அது. நீதியை மட்டும் விடாதே என்கிறது.

அன்று கூட்டத்தில் நின்றவர்களில் பலர் கெட்டவர்களல்லர். முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வதென்று முன்பே பழகாதவர்கள், அவ்வளவே. கப்ரருகே அழுது புலம்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், பொறுமை என்பது முதல் அடி விழும்போது காட்டுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதன் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. நமது ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தோலே போதும். குர்பானித் தோல் சேகரிக்கும் மதரஸா மாணவனுக்கும் இது தெரியும். உரித்த சில மணி நேரத்திற்குள் உப்புப் போட வேண்டும். வெயில் நாளில் சற்றுத் தாமதித்தாலும் மயிர் கழன்று நாற்றமெடுத்துவிடும். அதற்குப் பின் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் குரோம் உப்பும் அதைக் காப்பாற்றா. உப்பு மூட்டையை முன்னமே வாங்கி வைத்தவனுக்கே தோல் மிஞ்சும்.

முன்னமே வாங்கி வைப்பது என்று நாம் சொல்வது புதிதன்று. ஹிஜ்ரி 322-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருவன பற்றி ஒரு நூல் எழுதினார். கோபம், பயம், துக்கம், ஊசலாட்ட எண்ணம் என்று உள்ளத்தின் நோய்களைப் பிரித்துப் பேசும் நூல் அது. திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, உள்ளம் அமைதியாயிருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழிகளும் உடலைக் கொண்டே உள்ளத்தைப் பிடிப்பவை. கோபம் வந்தால் வாய் மூடு, நின்றிருந்தால் உட்கார், அப்போதும் போகாவிட்டால் படுத்துவிடு. நிற்பவனின் கை உடனே எட்டும், உட்கார்ந்தவனின் கை எட்டாது என்று கத்தாபி இமாம் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். எவ்வளவு எளிய விஷயம்! நோன்பாளியை எவரேனும் ஏசினால், நான் நோன்பாளி என்று சொல்லி விலகும்படி கற்பித்ததும் இந்தப் பழக்கத்திற்கே. ஆண்டில் முப்பது நாள் ஒத்திகை நடக்கிறது. ஒத்திகையில் கலந்துகொண்டு, ஷவ்வால் பிறை கண்டவுடன் அதை மறந்துவிடுவது நமது வாடிக்கை.

மனிதன் பதற்றமுள்ளவனாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்று ஸூரத்துல் மஆரிஜ் சொல்கிறது. தீங்கு தொட்டால் பதறுவான், நன்மை தொட்டால் கையை மூடிக்கொள்வான். பிறகு விதிவிலக்குகள் வருகின்றன. முதலில் தொழுகையில் நிலைத்திருப்போர். அதையடுத்து, தம் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் குறிப்பிட்ட உரிமை வைத்திருப்போர். பதற்றத்துக்கு மருந்து கூறும் இடத்தில் பிறருக்குரிய பங்கு எதற்கு வந்தது? இதைப் பயான்களில் நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதியதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் துஆ ஒன்று புகாரியில் உள்ளது. வரப்போவதைப் பற்றிய கவலை, நடந்ததைப் பற்றிய துக்கம், இயலாமை, சோம்பல், கருமித்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து அதில் பாதுகாவல் தேடுகிறார்கள். கவலையும் துக்கமும் உள்ளத்தில் இருப்பவை. கடனும் அடக்குமுறையும் வெளியில் இருப்பவை. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, வேலை நிற்குமோ என்ற பயம் நமது ஷூ கம்பெனிகளில் முதலாளி அறையோடு நிற்கவில்லை. அப்பர் தைக்கும் பெண்கள் வரை இறங்கியது. வாரத் தவணைக் கடன் கட்டும் ஒரு சகோதரிக்கு அந்தப் பயம் வருவது ஈமான் குறைவாலன்று. அவருக்கு யாஸீன் ஓதச் சொல்வதோடு, தவணைக்கு என்ன செய்வதென்று ஜமாஅத்தார் கூடிப் பேசுவதும் அந்த துஆவின்படி நடப்பதே. கூலியை இழுத்தடிக்கும் ஒருவர் தொழிலாளிக்கு ஸப்ரைப் பற்றி உபதேசிப்பதை மட்டும் நம்மால் சகிக்க முடிவதில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும் கடமை அவருடையது. அதைக் கொடுத்துவிட்டு வந்து பேசட்டும்.

துக்கம் எல்லாம் ஒரே வகையன்று என்பதையும் வீட்டார் அறிய வேண்டும். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் கவிழும் துக்கம் ஒன்று என்று பல்கீ அன்றே பிரித்தார். பின்னதன் வேர் உடலில் இருக்கிறது, அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்று எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நமது வீடுகளில் சிலர் அதை ஷைத்தானின் வேலை என்றோ சோம்பேறித்தனம் என்றோ சொல்லி ஒதுக்குகிறார்கள். வாரக்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், பிள்ளையின் முகம் பார்த்தும் சிரிக்காமல், வாழ்வே வேண்டாம் என்று பேசுகிற மகளை, ஓதி ஊதுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து செய்யுங்கள் என்பதும் நபிமொழியே. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது 1957-இல். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து கவனிக்கும் முறை அங்கே வெகுகாலமாக உள்ளது. பாகாயம் என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி ஒருவரையொருவர் கேலி செய்யும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அது ஒழிய வேண்டும். அந்தப் பயத்தால்தான் பலர் காலம் கடந்து போகிறார்கள்.

அழுகைக்கு மீண்டும் வருவோம். ஹிஜ்ரி 10-இல், ஒன்றரை வயதளவில், நாயகத்தின் மகன் இப்ராஹீம் (ரழி) அவர்கள் மறைந்தார்கள். உயிர் பிரியும் வேளையில் பிள்ளையைக் கையில் ஏந்திய பெருமானாரின் கண்கள் கலங்கின. தாங்களுமா என்று தோழர் ஒருவர் வியந்தபோது, இது இரக்கம் என்றார்கள். கண் கலங்குகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆயினும் இறைவன் பொருந்தாத சொல் எதையும் நாவு சொல்லாது என்ற கருத்தை மொழிந்தார்கள். கன்னத்தில் அறைவதும் சட்டையைக் கிழிப்பதும் ஒப்பாரியும் தடுக்கப்பட்டவை. கண்ணீர் தடுக்கப்படவில்லை.

இப்ராஹீம் மறைந்த அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. வானநூலார் கணக்கில் அது கி.பி. 632 ஜனவரி 27. இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த ஒரு தந்தைக்கு அப்பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! மறுக்காமல் மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது நிலைத்திருக்கும். நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிக்கு வந்து, நெடுநேரம் நின்று கிரகணத் தொழுகையை நடத்தினார்கள். பிறகு மக்களை நோக்கி, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள்.